கையெழுத்துப் போடும் நேரம் பாட்டை நிறுத்துங்கள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் கடை நடத்தும் தமிழ் வணிகர்களுக்கும், அவர்களுக்கு விளம்பரம் செய்து தருபவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். பதினான்கு ஆண்டுகள் விளம்பரப் பாட்டு எழுதினேன். நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை, கல்யாணச் சமையல், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை என்று இந்தத் தேக்கா வட்டாரத்தில் நான் வரி எழுதாத தொழில் குறைவு. மெட்டு முதலில் வந்துவிடும். அதற்குள் கடைப் பெயரையும் தள்ளுபடியையும் உட்கார வைக்க வேண்டும். எதுகை சரியாக விழுந்துவிட்டால் அன்றைக்குச் சோறு நிம்மதியாக இறங்கும். அந்த வேலையை ஆசைப்பட்டுத்தான் செய்தேன். இன்றைக்கும் அதைக் கேவலமாக நினைக்கவில்லை. உங்கள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் அம்மா ஒரு கால் அமுக்கும் இயந்திரம் வாங்கினார். அம்மாவுக்கு 74 வயது. யீஷூனில் எங்களோடு இருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து ஒரு நடிகர் கடைக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு, எங்கள் புளோக்கில் இருக்கும் இன்னொரு பாட்டியோடு பஸ் ஏறிப் போயிருக்கிறார். நடிகர் வந்தார், கும்பிட்டார், தன் அம்மாவுக்கும் இதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார், படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். அப்புறம் கடையில் முருகன் பாட்டு போட்டிருக்கிறார்கள். அம்மாவை உட்கார வைத்து, காலை இயந்திரத்துக்குள் வைத்து, ஒரு கப் டீயும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபோது அம்மா கையில் ஒரு ரசீது. விலை 1,980 வெள்ளி. முன்பணம் 330 வெள்ளி கட்டியாயிற்று. மீதி மாதம் 150 வெள்ளியாகப் பதினொரு மாதத்துக்கு வங்கிக் கணக்கிலிருந்து போகும். இரண்டு பக்க ஒப்பந்தம், முழுக்க ஆங்கிலத்தில். அம்மா படித்தது தமிழ்ப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு வரை.

"என்ன எழுதியிருக்குன்னு கேட்டியாம்மா?" என்றேன்.

"சாமி பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. கோயில்ல உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. அந்த நடிகர் தம்பியும் நல்ல பிள்ளை, பொய் சொல்லாது" என்றார்.

மறுநாள் கடைக்கு அழைத்துப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று இரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது, அம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார்கள். இரண்டும் உண்மை. அந்தக் கடையின் பெயரைச் சொல்லி அவமானப்படுத்துவதற்கு இந்த மடல் இல்லை. இயந்திரமும் ஒழுங்காக ஓடுகிறது. சாயங்காலமானால் அம்மா அதில் காலை வைத்துக்கொண்டுதான் செய்தி கேட்கிறார். எனக்கு உறுத்துவது வேறு. கோயிலில் உட்கார்ந்தது போல என்று அவர் சொன்னாரே, அந்த உணர்வை ஒரு கடைக்குள் உண்டாக்குவதற்கான வேலையைப் பதினான்கு ஆண்டுகள் நானே சம்பளம் வாங்கிச் செய்திருக்கிறேன்.

பாட்டுக்கு அப்படி என்ன சக்தி, வாங்குகிறவருக்குப் புத்தி இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1997இல் இங்கிலாந்தில் ஒரு பேரங்காடியில் ஏட்ரியன் நார்த் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தார்கள். மது அடுக்கில் பிரெஞ்சு மதுவையும் ஜெர்மன் மதுவையும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு நாள் பிரெஞ்சு இசை, மறுநாள் ஜெர்மன் இசை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிரெஞ்சு இசை ஓடிய நாள்களில் பிரெஞ்சு மது 40 புட்டி, ஜெர்மன் மது 8 புட்டி விற்றது. ஜெர்மன் இசை ஓடிய நாள்களில் ஜெர்மன் 22, பிரெஞ்சு 12. வாங்கியவர்களில் 44 பேர் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். இசை தங்கள் தேர்வைப் பாதித்தது என்று ஒப்புக்கொண்டவர்கள் அதில் 6 பேர் மட்டும். மற்றவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியவே இல்லை.

இது புத்தி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது அந்த 6 என்ற எண்தான். அம்மாவின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் பாட்டைக் காரணமாகச் சொல்லியிருக்க மாட்டேன். கால் வலி, நல்ல விலை, தவணை வசதி என்று மூன்று காரணங்களை அடுக்கியிருப்பேன். அம்மா என்னைவிட நேர்மையானவர், பாட்டு என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முன்பே, 1982இல், அமெரிக்காவில் ரொனால்ட் மில்லிமன் பேரங்காடியில் ஓடும் இசையின் வேகத்தை மாற்றிப் பார்த்தார். மெதுவான இசை ஓடிய நாள்களில் மக்கள் மெதுவாக நடந்தார்கள், விற்பனை வேகமான இசை நாள்களைவிட சுமார் 38 விழுக்காடு கூடியது. இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை இரவு, கூட்டம் நெரியும் துணிக்கடையில் குத்துப்பாட்டு ஓடும். எடுத்தோம் கட்டினோம் என்று ஆள் நகர வேண்டும். நகைக்கடை மாடியில், நாற்காலி போட்ட இடத்தில், பழைய மெலடியோ வீணையோ ஓடும். அங்கே ஆள் உட்கார வேண்டும். எந்த ஆய்வையும் படிக்காமலே நம் முதலாளிமார்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே 1982இல் கனடாவில் ஜெரால்ட் கோர்ன் என்பவர் செய்த ஒரு சோதனை என் மனத்தைவிட்டு அகலவே இல்லை. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பேனாவின் படத்தைக் காட்டி, சிலருக்கு அப்போது பிரபலமாக இருந்த ஒரு சினிமா இசையைப் போட்டார். மற்றவர்களுக்கு, அவர்களுக்குப் பிடிக்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்ட ஓர் இசையைப் போட்டார். பிடித்த இசையோடு பேனாவைப் பார்த்தவர்களில் 79 விழுக்காட்டினர் அந்தப் பேனாவையே எடுத்தார்கள். பிடிக்காத இசையோடு பார்த்தவர்களில் 30 விழுக்காட்டினர்தான் எடுத்தார்கள். அந்தப் பிடிக்காத இசை எது தெரியுமா? நம் இந்தியச் செவ்வியல் இசை.

படித்தபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஏழு ஆண்டு கழித்து, 1989இல், வேறு இரண்டு பேர் அதே சோதனையைக் கவனமாகத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. ஆகவே அந்தப் பேனாவை வைத்து வாதாட மாட்டேன். அதில் நான் எடுத்துக்கொண்டது வேறு. அந்த மாணவர்களை விரட்டும் என்று தேர்ந்தெடுத்த இசைதான் என் அம்மாவை நாற்காலியில் உட்கார வைக்கிறது. இசை எல்லாரையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. தொட்டில் கட்டிய வீட்டிலும், நாதஸ்வரம் ஊதிய கல்யாணத்திலும், காவடி எடுத்த தைப்பூசத்திலும் எது காதில் விழுந்ததோ அதுதான் பிடிக்கும். நம் மக்களை எது பிடிக்கும் என்று வெளியாருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

சரி, நட்சத்திர விஷயத்துக்கு வருகிறேன்.

புகழ் பெற்றவரைக் காட்டிப் பொருள் விற்பது புதிதில்லை. 1760களில் இங்கிலாந்தில் ஜொசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் வணிகர் அரசி வாங்கினார் என்பதைச் சொல்லியே தன் பாத்திரங்களை விற்றார். இந்தியாவில் 1941இல் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் நடிகை லீலா சிட்னிஸ் வந்தார். அதிலிருந்து சோப்புக்கு நடிகை என்பது வழக்கமாகிவிட்டது. முகம் அழகாக இருக்கிறது, சோப்பும் முகத்துக்குத்தான், இதில் பெரிய ஏமாற்று ஒன்றும் இல்லை.

ஆனால் தமிழில் நட்சத்திரம் என்பது முகத்தோடு நிற்கும் சமாசாரமா? நாம் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன், தம்பி, தலைவர், அக்கா, நம்ம வீட்டுப் பிள்ளை. மகனே என்று கட்டிக்கொள்ளும் தாயிடம் ஒருவர் திரையில் உருகியதை என் அம்மா எத்தனை முறை பார்த்து அழுதிருப்பார். திரையில் செய்த பாத்திரங்களின் குணமெல்லாம் நடிகர்மேல் படிந்து, அவரிடமிருந்து அவர் கையில் பிடிக்கும் பொருளுக்கும் ஒட்டிக்கொள்கிறது என்று கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானுடவியலாளர் 1989இல் எழுதினார். எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். அம்மா ஒரு நடிகரை நம்பவில்லை. திரையில் பார்த்த மகனை நம்பினார். மகன் சொன்னால் எந்தத் தாய் காகிதத்தைக் காட்டு என்று கேட்பாள்?

நடிகர் காசு வாங்கிக்கொண்டுதான் வந்தார் என்பது அம்மாவுக்கும் தெரியும். "சும்மாவா வருவாங்க, பிழைப்பு இல்லையா" என்று அவரே சொன்னார். தெரிந்தும் நம்பினார். அதனால், "இது கட்டண விளம்பரம்" என்று மூலையில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களோடு என்னால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. போட வேண்டும், கட்டாயம் போட வேண்டும். அது மட்டும் போதாது என்கிறேன்.

இங்கே நம் நிலைமை மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. உள்ளூர்த் தமிழ் வானொலி என்றால் ஒலி 96.8, தமிழ் நாளிதழ் என்றால் தமிழ் முரசு. சீனத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு விளம்பரம் பிடிக்கவில்லை என்றால் நிலையத்தை மாற்றிக்கொள்ளலாம். அடுப்படியில் நிற்கும் என் அம்மா எதற்கு மாற்றுவார்? ஒரு பாட்டு ஒரு நாளைக்கு எத்தனை முறை ஓடுகிறதோ அத்தனை முறையும் அது அவர் காதில் விழுகிறது. மூன்றாம் வாரம் அவரே முணுமுணுக்கிறார். வாய்ப்பாட்டை ராகம் போட்டு மனப்பாடம் செய்த தலைமுறை அது. ராகத்தோடு உள்ளே போனது லேசில் வெளியே வராது.

இத்தனை தமிழும் எங்கே நிற்கிறது என்பதுதான் என் மனக்குறை. அழைப்பு தமிழில், பாட்டு தமிழில், நடிகர் தமிழில், கடைக்காரத் தம்பி "வாங்கம்மா, உட்காருங்கம்மா" என்பது தமிழில். பணம், தவணை, ரத்து என்று வந்தவுடன் மட்டும் காகிதம் ஆங்கிலமாகிவிடுகிறது. இதை யாரும் சதி செய்து ஏற்படுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தப் படிவம் எங்கிருந்தோ வருகிறது, அப்படியே அச்சடிக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அதன் பலன் ஒருவர் தலையில்தான் விடிகிறது.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. 2003இல் வந்த நம் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வணிகச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பேரத்தின் தன்மையையோ, மொழியையோ, விளைவையோ சரிவரப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் வாங்குபவர் இருக்கிறார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வது நியாயமற்ற நடைமுறை என்று அது சொல்கிறது. மொழி என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அழையாமல் வீட்டுக்கு வந்து விற்றால் 5 வேலைநாளுக்குள் ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. தானாகக் கடைக்குப் போய் வாங்கினால் அந்த அவகாசத்தைச் சட்டம் தருவதில்லை. நடிகரைப் பார்க்க பஸ் ஏறிப் போன என் அம்மா தானாகப் போனவர் கணக்கில் வருகிறார்.

நட்சத்திரங்களைப் பொறுத்தவரை இந்தியாவில் இப்போது விதி கடுமையாகிவிட்டது. 2019இல் இயற்றப்பட்ட புதிய நுகர்வோர் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு, அடுத்த முறை மூன்றாண்டு வரை விளம்பரத்தில் தோன்றவே தடை போடலாம். பொருளைப் பற்றித் தகுந்தபடி விசாரித்துவிட்டுத்தான் பேசினேன் என்று காட்டினால் தப்பிக்கலாம். அதாவது விசாரிப்பது நடிகரின் கடமை என்று அங்கே ஆகிவிட்டது. சென்னையிலிருந்து நாலு மணி நேரம் பறந்து இங்கே வந்து இறங்கியதும் அந்தக் கடமை இறங்கிவிட வேண்டுமா? அவரை அழைத்து வருபவர்கள் நீங்கள். "ஐயா, இந்தப் பொருளை ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள், அப்புறம் மேடையில் பேசுங்கள்" என்று கேட்க உங்களால்தான் முடியும்.

நம் நாடும் சில பொருள்களுக்குப் பாட்டே கூடாது என்று முடிவெடுத்திருக்கிறது. சிகரெட் விளம்பரம் 1971இலேயே போயிற்று. உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்கள் தங்கள் கடையிலும், இணையத்தளத்திலும், வணிகத் தகவல் ஏடுகளிலும் மட்டும்தான் விளம்பரம் செய்யலாம். 2022 ஜனவரியில் நாணய ஆணையம், மின்னிலக்க நாணயச் சேவை நிறுவனங்கள் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது, சமூக ஊடகப் பிரபலங்களை வைத்தும் செய்யக் கூடாது என்றது. அதே ஆண்டு டிசம்பர் 30 முதல், சர்க்கரை, கொழுப்பு அளவைப் பார்த்துத் தரும் நியூட்ரி-கிரேடு தரத்தில் கடைசியான 'டி' வாங்கிய இனிப்புப் பானங்களுக்கு விளம்பரம் கிடையாது. கடனும் உடம்பும் சம்பந்தப்பட்ட இடத்தில் பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துதானே இதெல்லாம்? என் அம்மா வாங்கியதில் கடனும் உடம்பும் இரண்டுமே இருந்தன.

பாட்டையும் நட்சத்திரத்தையும் ஒழித்துவிடச் சொல்கிறேன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 2003இல் சார்ஸ் தொற்று வந்தபோது, தொலைக்காட்சியில் நம்மைச் சிரிக்க வைத்த பூவா சூ காங் பாத்திரமே வந்து ராப் பாட்டுப் பாடி கைகழுவச் சொன்னது. 2021இல் அதே பாத்திரம் திரும்பி வந்து தடுப்பூசி போடச் சொல்லிப் பாடியது. என் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டே திரிந்தார்கள். நல்ல காரியத்துக்கும் இதே கருவிதான். வாடகை ஏறிக்கொண்டே போகும் தெருவில், பாதிக் கூட்டம் எல்லை தாண்டி ஜோகூர் பாருவுக்கும் மீதி கைப்பேசிக்கும் போய்விட்ட பிறகு, ஒரு சின்னக் கடைக்காரருக்கு இருப்பது ஒரு நல்ல பாட்டு மட்டுமே என்பதை நான் உங்கள் கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்து பார்த்தவள். ஏ.ஆர். ரஹ்மானே சினிமாவுக்கு வருமுன் விளம்பரங்களுக்கு இசையமைத்தவர்தான். அந்தத் தொழிலில் கலை இருக்கிறது.

ஒரு விஷயத்தை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நகைக்கடைக்கு "செய்கூலி இல்லை" என்று வரும்படி ஒரு பாட்டு எழுதினேன். நான்கு வரிதான். நல்ல மெட்டு, ஊரெல்லாம் பாடியது. கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அக்கா, நான்தான் அதை எழுதியவள் என்று கேள்விப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் மகள் நாளெல்லாம் அதைப் பாடுவாளாம். மகளுக்குக் காதுகுத்து வந்தபோது அந்தக் கடைக்கே போனாராம். செய்கூலி போடவில்லை, பாட்டில் சொன்னது உண்மைதான். சேதாரம் மட்டும் மற்றக் கடைகளைவிடக் கூட. வரியும் சேர்ந்து வந்தபோது, கொண்டுபோன காசு போதவில்லை. மோதிரத்தை விட்டுவிட்டுத் தோடு மட்டும் வாங்கி வந்தாராம். கோபமே இல்லாமல் சொன்னார். "பாட்டுல எங்கம்மா அதெல்லாம் சொல்ல முடியும்" என்று என்னைத் தேற்றவும் செய்தார்.

அவர் என்னைத் தேற்றியதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. பந்தியில் பாயசம் வந்தது, எனக்கு இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஓராண்டுகூட நான் அந்த வேலையில் இல்லை.

பாட்டில் சொல்ல முடியாதா? இத்தனை நாள் கழித்து உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், அதே மெட்டுக்கு.

செய்கூலி சேதாரம் சேர்த்துச் சொல்வோம்,
வரியோடு மொத்தமும் வாசலில் சொல்வோம்.

ஏழு விநாடி. எதுகை கொஞ்சம் இழுக்கிறது, மோனை நன்றாகவே விழுகிறது. ஆக, சொல்ல முடியும். இப்போது 9 விழுக்காடு பொருள், சேவை வரி இருக்கும்போது, மொத்தத்தை முதலில் சொல்லும் கடையைத்தான் மக்கள் தேடுவார்கள் என்று நம்புகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் இல்லை. கையெழுத்துப் போடும் மேசைக்கு ஆள் வந்து உட்கார்ந்ததும் பாட்டை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கட்டும். அவர் அப்போதுதான் தன் வீட்டுக் கணக்கை நினைப்பார், மகளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்போமா என்று யோசிப்பார். அவர் எழுந்து போய்விடுவார் என்று நீங்கள் பயந்தால், அந்தப் பயமே எனக்குப் பதில்.

காலையில் கடை திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, சாமி படத்துக்கு மாலை போட்டு பக்திப்பாட்டு போடுகிறீர்களே, அதை நான் சொல்லவில்லை. அது உங்கள் வழிபாடு, அதைக் கேட்டுக்கொண்டே தேக்காவில் நடப்பது எனக்கும் பிடிக்கும். தவணை ஒப்பந்தம் எழுதும் இடத்தில், வயதானவர்களை உட்கார வைத்து விற்கும் நேரத்தில், முருகனைப் பாட வைக்காதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

அடுத்தது காகிதம். முழு ஒப்பந்தத்தையும் தமிழில் போடச் சொல்லவில்லை. ஒரு பக்கம், பெரிய எழுத்தில்: மொத்தம் எவ்வளவு, மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், வேண்டாமென்றால் திருப்பித் தரலாமா, எத்தனை நாளுக்குள். விளம்பரத்தில் எந்தத் தமிழில் கூப்பிட்டீர்களோ அதே தமிழில் எழுதி, அதை வாசித்துக் காட்டிவிட்டுப் பேனாவைக் கொடுங்கள்.

வானொலி விளம்பரத்தின் கடைசியில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று நான்கு விநாடியில் மூச்சுவிடாமல் ஓடும் குரல் இருக்கிறதே, அதைப் பதிவுசெய்யும்போது நானும் ஒலிக்கூடத்தில் நின்றிருக்கிறேன். "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று நாங்கள்தான் சொல்வோம். பாடிய வேகத்திலேயே அதையும் சொல்லுங்கள். முப்பது விநாடிக்குள் அடங்காது என்றால் பாட்டில் ஒரு வரியைக் குறையுங்கள். வரியைக் குறைத்தால் பாட்டு கெட்டுவிடாது, இதை எழுதியவளே சொல்கிறேன்.

விளம்பரம் செய்து தரும் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. சமூக ஊடகத்தில் காசு வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர ஆணையம் 2016இலேயே வழிகாட்டி நெறிகளைக் கொடுத்துவிட்டது. நம் உள்ளூர்க் கலைஞர்கள் பலர் கடையில் நின்று காணொளி எடுத்துப் போடுகிறார்கள், நண்பர் கடைக்கு வந்த மாதிரியே பேசுகிறார்கள். அவர்களில் சிலர் என் பிள்ளைகள் வயது, அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனமில்லை. முதல் வாக்கியத்திலேயே "இந்தக் கடை எனக்குப் பணம் கொடுத்திருக்கிறது" என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒரு குறியீட்டைப் போட்டுவிட்டுப் போனால் என் அம்மாவுக்குப் புரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023 டிசம்பரில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து, முதலீட்டு மோசடிக்குக் காணொளி விட்டார்கள். மக்களை எச்சரிக்க அவரே பேச வேண்டி வந்தது. முகத்தைப் பார்த்து நம்பு, குரலைக் கேட்டு நம்பு என்று நம் ஆட்களை நாமே இத்தனை ஆண்டுகள் பழக்கிவிட்டோம். மோசடிக்காரன் அந்தப் பழக்கத்தின்மேல்தான் ஏறி வருகிறான். காகிதத்தைப் பார், மொத்தத்தைக் கேள் என்று நல்ல கடைகள் பழக்கினால், அவன் வரும்போது என் அம்மா கொஞ்சம் நிதானிப்பார்.

என்னால் ஆனதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த தீபாவளி வரை, தேக்காவில் எந்தத் தமிழ்க் கடை கேட்டாலும், அந்த ஒரு பக்கத் தமிழ்த் தாளை நான் காசு வாங்காமல் எழுதித் தருகிறேன். உங்கள் ஆங்கில ஒப்பந்தத்தைக் கொடுங்கள், எளிய தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, என் அம்மாவிடம் வாசித்துக் காட்டி, அவருக்குப் புரிந்த பிறகு உங்களிடம் கொடுப்பேன். பழைய பாட்டில் மொத்த விலையைச் சேர்த்துப் புது வரி வேண்டுமென்றாலும் எழுதுகிறேன். மெட்டை மட்டும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளுக்குப் பாட்டு எழுதியவள்,
யீஷூன்